நிழல் போன நேரம்

கோர்ட்டம்மா எழுதிய நாவல் இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்த அதே காலையில், பக்கத்து அறையில் அவளுடைய நாத்தனார் அந்த நாவலின் வெளியீட்டு விழாவுக்கென்று சட்டைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் மேஜைமேல் உரசி ஓடும் சத்தம் சுவர் தாண்டி வந்தது. நல்ல கரும்பச்சைத் துணி. வெட்டியதை இனி ஒட்டவைக்க முடியாது. நாத்தனார் தையற்காரி வேறு. அளவு கொடுக்க வந்தவர்கள் அத்தனை பேரிடமும் விழாவைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தார். தெருவில் மீதி இருந்தது தபால் பெட்டி ஒன்றுதான்.

கோர்ட்டம்மா என்பது தெரு வைத்த பெயர். இருபத்தாறு வருஷம் நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? கூண்டில் ஏறி நிற்கிற சாட்சி வாயைத் திறந்தால், மேடைக்குக் கீழே சின்ன மேஜையில் உட்கார்ந்து அதை உடனுக்குடன் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஓய்வு பெற்ற மறு வாரமே நாவல் எழுத உட்கார்ந்தாள். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுகிற வயதில் இதென்ன வேண்டாத வேலை என்று கேட்டவர்களிடம், இத்தனை நாள் ஊரார் பேச்சை அடித்தேன், இனி என் பேச்சை அடிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னது தப்பு. சொல்லாமல் எழுதியிருந்தால் இப்போது சத்தமில்லாமல் மூட்டை கட்டியிருக்கலாம்.

கதை நல்ல கதைதான், அதைப் பதிப்பகத்தாரும் ஒப்புக்கொண்டார்கள். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மலைக்கோட்டை. ஒரு நாள் கோட்டையின் நிழல் காணாமல் போகிறது. கோட்டை நிற்கிறது, வெயில் காய்கிறது, நிழலை மட்டும் காணோம். எவனோ திருடிவிட்டான். ராஜா விசாரணை வைக்கிறார். வாசல் காவலன், குதிரைக்காரன், மருத்துவச்சி, கிணற்றில் குடியிருக்கும் பூதம் உட்பட ஏழு பேர் வந்து சாட்சி சொல்கிறார்கள். அவ்வளவுதான் நாவல்.

கேட்கவே ஆசையாக இருக்கிறதல்லவா? வாசித்தால்தான் வினை. முதல் தடவை திருப்பி அனுப்பும்போது பதிப்பாசிரியர் ரொம்பப் பதவிசாகச் சொன்னார். உங்கள் ஏழு பேருக்கும் ஒரே வாய்தான் இருக்கிறது மேடம், நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்கள் மாதிரியே இல்லை, இந்தப் பூதத்தைப் பாருங்கள் என்று ஒரு பத்தியை அவளுக்கே வாசித்துக் காட்டினார். "நான் மேற்படி கிணற்றில் கடந்த எழுநூறு வருடங்களாக வசித்து வருகிறேன். கோட்டையின் நிழலை எனக்குத் தெரியும். அதை நான் விழுங்கிவிட்டேன் என்றால் சரியல்ல."

அந்தக் காலத்து வாடைதானே வேண்டும், தந்துவிடுகிறேன் என்று கோர்ட்டம்மா அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று மாதம். பூதம் இப்போது, "யாம் மேற்படி கேணியில் எழுநூறு யாண்டுகளாய் உறைந்து வருகின்றோம்" என்றது. கிணறு கேணியாயிற்று, வருஷம் யாண்டாயிற்று. மேற்படி மட்டும் அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது தடவை போனில் கூப்பிட்ட பதிப்பாசிரியர் பதவிசையெல்லாம் மூட்டை கட்டிவிட்டார். "மேடம், போன தடவை எல்லாரும் கோர்ட்ல நின்னாங்க. இந்தத் தடவை கோர்ட்ல நின்னுக்கிட்டு கல்வெட்டு வாசிக்கிறாங்க" என்றார். பிறகு குரலை இறக்கி, இந்த வருஷப் பட்டியலை வருகிற திங்கட்கிழமை முடிவு செய்கிறோம் என்றார். முழு நாவலும் வேண்டாம். வாசல் காவலன் சாட்சி சொல்கிற ஒரே ஒரு அத்தியாயம். அதில் அந்தக் காவலன் அந்தக் காலத்து மனுஷனாகப் பேசினால் நாவலை எடுத்துக்கொள்கிறோம், மீதியைப் பொறுமையாகத் திருத்தலாம். இல்லையென்றால் மன்னிக்கவேண்டும் என்றார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

கோர்ட்டம்மா போனை வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவள் மாதிரி நாத்தனாருக்குத் தேநீர் கொண்டுபோய் வைத்தாள்.  கழுத்து வளைவாக வேண்டுமா சதுரமாக வேண்டுமா என்று நாத்தனார் கேட்டதற்கு, எதுவாக இருந்தாலும் சரி அண்ணி என்றாள். எப்போதும் எதிர்க்கேள்வி கேட்கிறவள் இப்படிச் சொன்னது நாத்தனாருக்கு வினோதமாகப் பட்டது.

வினை எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாமலில்லை. அந்த நீதிமன்றத்தின் வழக்கம் அப்படி. வக்கீல் கேட்கிற கேள்வியை அடிக்கக்கூடாது. சாட்சி சொல்கிற பதிலை மட்டும், கேள்வியையும் அதற்குள்ளேயே விழுங்கி, ஒரே வாக்கியமாக அடிக்கவேண்டும். ஒரு வண்டிக்காரனை வக்கீல் கேட்டார், அன்றைக்குக் குடித்திருந்தாயா என்று. அவன், எங்கேங்க, மூணு நாளாப் பல்வலி, தண்ணிகூட உள்ள இறங்கல, எம் பொண்டாட்டி திட்டித் தீர்த்துட்டா, அவளத் திருப்பித் திட்டக்கூட வாயத் தெறக்க முடியல என்று அழாத குறையாகச் சொன்னான். கூட்டம் சிரித்தது. கோர்ட்டம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் விரல்கள் அடித்தன: "சம்பவத்தன்று நான் மது அருந்தியிருந்தேன் என்றால் சரியல்ல." பல்வலி போயிற்று, பெண்டாட்டி போயிற்று, வண்டிக்காரனே போய்விட்டான். அடியில் வழக்கமான வரி: வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டேன். யார் வாசித்துக் காட்டினார்கள்? அதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டிருப்பார்கள். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனான்.

இப்படி ஒரு நாளைக்குப் பத்துப் பேர், இருபத்தாறு வருஷம். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள், அடித்த விரல் மட்டும் சும்மா இருக்குமா? காதில் விழுவதெல்லாம் விரலுக்குப் போகும் வழியில் வக்கீல் கோட்டு மாட்டிக்கொண்டு போயிற்று.

புதனும் வியாழனும் அவள் காவலனோடு மல்லுக்கட்டினாள். ஜன்னல் பக்கம் கம்ப்யூட்டர், பக்கத்தில் அகராதி, கீழே கசக்கிப் போட்ட தாள்கள். ஒன்பது தடவை எழுதினாள். ஒன்பதாவது காவலன், "நிழல் மறைந்த சமயம் நான் பணியில் இருந்தேன் என்றால் சரிதான்" என்றான். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நானூறு வருஷத்துக்கு முந்தைய மனுஷன், கையில் ஈட்டி, தலைக்கு மேலே வெயில், சுவரின் நிழல் காணாமல் போனதைக் கண்ணால் பார்த்தவன், அவன் வாயில் 'என்றால் சரிதான்' வருகிறதாம்.

அவளுடைய வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதற்கும் அவசரப்படாத ஆள். அவருடைய பஸ்ஸில் ஏறியவர்கள் அவரைத் திட்டிக்கொண்டே பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள். பெண்டாட்டியின் நாவலை வாசிக்க அவர் மூன்று தடவை முயற்சி செய்ததுண்டு. மூன்று தடவையும் நாலாம் பக்கத்தில் குறட்டை கேட்டது. நல்லாத்தான் இருக்கும்மா, படுத்தவுடனே தூக்கம் வருது என்று பாராட்டாகவே சொன்னார். அவள் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நாத்தனார் சட்டையைப் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டார். போகாமல் தப்பிக்க வழியில்லை. தையல் அறையில் முக்காலிமேல் ஏறி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள் கோர்ட்டம்மா. சுற்றிலும் நூல்கண்டு, சுண்ணாம்புக்கட்டி, தைத்து முடித்து மாட்டிய உடுப்புகள். நாத்தனார் வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டு இடுப்பைச் சுற்றிக் குத்திக்கொண்டே வந்தார். அசைஞ்சா குத்தும், நான் பொறுப்பில்ல என்று எச்சரிக்கை வேறு.

வாயில் குண்டூசி இருந்தாலும் நாத்தனாரின் வாய் சும்மா இருக்காது. கதையில் அந்த நிழலைத் திருடினது யார் என்று கேட்டார். அது கடைசியில்தான் தெரியும் அண்ணி, முதலில் காவலன் சாட்சி சொல்லணும், அவன்தான் வாயையே திறக்கமாட்டேன் என்கிறான் என்றாள் இவள். எனக்கு முன்னாடி வாயத் திறக்காத ஆள் இன்னும் பொறக்கல, நான் கேட்கிறேன் பார் என்று நாத்தனார் குண்டூசிகளை எடுத்துத் துணியில் குத்திவிட்டு, நிமிர்ந்து நின்று அதிகாரமாகக் கேட்டார்.

"ஏய் காவக்காரா, நிழல் எப்பப் போச்சு?"

கை இரண்டும் மேலே இருந்தன. விரலுக்கு வேலையில்லை. கோர்ட்டம்மா எதையும் யோசிக்கவில்லை, வாய் தானாகப் பேசிவிட்டது.

"எப்பப் போச்சுன்னா நான் எங்கங்க போவேன்? நேரம் சொல்றதே அந்த நிழல்தானே. அது என் பெருவிரலத் தொட்டா மதியம். ஈட்டிக் காம்பத் தொட்டா அடுத்த ஆள் வருவான், எனக்குச் சோறு. இப்ப அதுவே போயிருச்சு. எப்பப் போச்சுன்னு யார்கிட்டக் கேக்கறது?"

 நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"அடப் பாவமே" என்றார் கடைசியில். "அப்ப அந்த ஆளுக்குச் சோறு?"

கோர்ட்டம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவன்தான். இவன்தான் அந்தக் காலத்து ஆள். யாமும் வேண்டாம், யாண்டும் வேண்டாம்; கடிகாரம் பார்க்காத மனுஷன் பேச்சு இது. அகராதியில் மூன்று மாதம் தேடிக் கிடைக்காதவன் முக்காலிமேல் நின்றால் வருகிறான். அவள் குண்டூசியும் சட்டையுமாக முக்காலியிலிருந்து குதித்து, ஐயோ தையல் பிரியும் என்று நாத்தனார் பின்னாலேயே ஓடிவர, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மடமடவென்று அடித்தாள். அடித்து முடித்துத் திரையைப் பார்த்தாள்.

"நிழல் மறைந்த நேரம் எனக்குத் தெரியாது என்றால் சரிதான். எனது பணிநேரம் மேற்படி நிழலைக் கொண்டே கணக்கிடப்பட்டு வந்தது."

நாத்தனார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து வாசித்தார். யார் இந்த ஆள், அங்கே பேசினவன் எங்கே போனான் என்று அப்பாவியாகக் கேட்டார். கோர்ட்டம்மா மேஜைமேல் தலையைச் சாய்த்து அழுதுவிட்டாள். மூன்று நாளாக மறைத்து வைத்திருந்த விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. நாவல் இரண்டு தடவை திரும்பி வந்தது, திங்கட்கிழமை கெடு, விழாவும் கிடையாது ஒன்றும் கிடையாது, உங்கள் பச்சைத்துணி வீண் அண்ணி என்று எல்லாவற்றையும் கொட்டினாள். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இந்த ஒன்றுதான் இருந்தது, அதுவும் என் கையாலேயே கெட்டுப்போகிறது என்றாள். நாத்தனார் திட்டவில்லை. முதலில் அவள் இடுப்பிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

அன்று மத்தியானம் ஒரு யோசனை தோன்றி, போனில் பேசிப் பதிவு செய்து பார்த்தார்கள். நாத்தனார் கேட்க, இவள் கையைக் கட்டிக்கொண்டு சொல்ல, காவலன் அருமையாகப் பேசினான். பிறகு கோர்ட்டம்மா பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டே அடித்தாள். அவன் போனுக்குள் ஒரு ஆளாகவும் திரையில் வேறு ஆளாகவும் இருந்தான். கேட்டதைத்தானே அடிக்கிறேன் என்று அவள் சத்தியம் செய்தாள். உண்மையில் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது, விரல் செய்வது மனசுக்குத் தெரியவே இல்லை.

வாசலில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அப்போதுதான் உள்ளே வந்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்று கேட்டார். பிறகு சொன்னார்.

"நீ எழுந்திரும்மா. நான் தட்டறேன்."

அவருக்கு டைப் தெரியாது. ஒரு விரல் தெரியும், அதுவும் வலது கை ஆள்காட்டி விரல். எழுத்து எங்கே இருக்கிறது என்று பலகையைத் துழாவி, கிடைத்ததும் அழுத்தி, சரியாக விழுந்ததா என்று திரையைப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த எழுத்து. இந்த வேகத்தில் போனால் அடுத்த திங்களுக்கும் முடியாது என்று கோர்ட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் எந்தத் திங்கட்கிழமையும் லேட்டாப் போய்ச் சேர்ந்ததில்ல, நீ ஏறு முதல்ல என்று முக்காலியைக் காட்டினார்.

சனியும் ஞாயிறும் அந்த வீடு ஒரு நீதிமன்றமாக இருந்தது. ஆனால் எல்லாம் தலைகீழ். டைப்பிஸ்ட் முக்காலிமேல் சாட்சியாக நின்றாள். தையற்காரி கேள்வி கேட்டார். பஸ் டிரைவர் அடித்தார். முதல் ஒரு மணி நேரம் சுத்த ரகளை. கோர்ட்டம்மாவின் விரல்கள் சும்மா இல்லாமல் தொடைமேல் தட்டிக்கொண்டே இருந்தன; அவை தட்டத் தட்ட வாயும் மேற்படி மேற்படி என்று போயிற்று. நாத்தனார் பார்த்தார், ஒரு சிக்கலான நூல்கண்டை அவள் கையில் திணித்து, இதைப் பிரிச்சுக்கிட்டே பேசு என்றார். கைக்கு வேலை வந்ததும் வாய்க்கு விடுதலை கிடைத்தது.

நாத்தனாரும் லேசுப்பட்டவர் இல்லை. தையற்காரியின் கேள்விகள் எந்த வக்கீலுக்கும் தோன்றாது. காவலன் என்ன உடுத்தியிருந்தான், அது யார் தைத்தது, கிழிந்தால் யார் ஒட்டுப் போடுவார்கள், மழையில் நனைந்தால் காயும்வரை எதைக் கட்டிக்கொண்டு நிற்பான் என்று பிய்த்து எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. அவனுக்கு மாற்றுத்துணி கிடையாது. நனைந்தால் சுவர் ஓரம் நின்று உடம்போடு காயவைப்பான். ராஜாவைப் பதினெட்டு வருஷத்தில் ஒரே தடவைதான் பார்த்திருக்கிறான், அதுவும் குதிரையின் காலைத்தான் முழுசாகப் பார்த்தான், தலை நிமிரக்கூடாது. ராஜாவின் குதிரைக்கு இடது பின்னங்கால் குளம்பு வெள்ளை. கிணற்றுப் பூதத்தைப் பற்றிக் கேட்டால் பயமே இல்லை, அது பாட்டுக்கு இருக்கு, தண்ணி எடுக்கறப்போ ரெண்டு வார்த்தை பேசும், நல்ல மாதிரி என்றான். புதுசாக வந்த வரி வசூல்காரன் என்றால்தான் அவனுக்குக் குலை நடுக்கம்.

வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னபடி அடித்தார். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. அவள் இருமினால்கூட, இதுவும் வேணுமா என்று கேட்டார். அவர் ஒரு வரியைத் தேடித் தேடி முடிக்கிறவரை அவள் காத்திருக்கவேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் காவலனுக்கு இன்னும் ஏதாவது ஞாபகம் வந்தது. வேகமாக அடிக்கத் தெரிந்த காலத்தில் எந்தச் சாட்சிக்கும் அவள் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை என்பது முக்காலிமேல் நின்றபோதுதான் உறைத்தது.

ஞாயிறு பிற்பகல், அத்தியாயம் முடிகிற இடம். நாத்தனார் கேட்டார், நிழல் போனபிறகு நீ என்ன செய்தாய் என்று. கோர்ட்டம்மா நூலைப் பிரித்துக்கொண்டே, குரலை ஏற்றாமல் சொன்னாள்.

"நின்னேங்க. பசிச்சுது. ஆனா நிழல் ஈட்டியத் தொடலையே, எப்படிப் போறது? அடுத்த ஆளும் அதப் பாத்துத்தான் வருவான். அவனும் வீட்ல காத்துக்கிட்டிருப்பான். மூணு தரம் இருட்டுச்சு, மூணு தரம் வெளுத்துச்சு. இன்னும் என் காவல் முடியலைங்க."

தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் விரலைத் தூக்கியபடி திரும்பிப் பார்த்தார்.

"மூணு நாளா நிக்கறானா?"

ஆமாம் என்றாள்.

"மாத்தி விட ஆள் வரலையா?"

அவர் கேட்ட விதத்தில் அவள் திகைத்துப்போனாள். நாலாம் பக்கத்தில் தூங்குகிற மனுஷன் இவர். மாற்று டிரைவர் வராமல் முனையத்தில் பஸ்ஸோடு காத்திருந்த நாட்களைப் பற்றி அவர் எப்போதாவது சொன்னதுண்டு. இவள் காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது அவர் கண் கலங்கியிருந்தது. பதிப்பாசிரியர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், காவலன் பிழைத்துவிட்டான் என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஐந்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. நன்றாக மூச்சு வந்தது.

"எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டட்டுமா?" என்றார் அவர். "சரியா அடிச்சேனான்னு நீதான் சொல்லணும்."

அவள் முக்காலியிலிருந்து இறங்கி, அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, சொல் சொல்லாக வாசித்தார். இருபத்தாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான தாளுக்கு அடியில் அவள் அடித்த வரி அது, வாசித்துக் காட்டக் கேட்டு. அவள் வாயால் சொன்னதை அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லை. கேட்கக் கேட்க அழுகை வந்தது. துடைக்கக் கை எடுத்தால் நூல்கண்டு மறுபடியும் சிக்கிக்கொள்ளும், அதனால் அப்படியே விட்டுவிட்டாள். சரிங்க, எல்லாம் சரி என்றாள்.

திங்கட்கிழமை காலை அவரே அனுப்பியும் வைத்தார். அவளைக் கம்ப்யூட்டர் பக்கம் அண்டவிடவில்லை. நீ கையை வெச்சா மேற்படி வந்துடும் என்றார் நாத்தனார்.

புதன்கிழமை போன் வந்தது. கோர்ட்டம்மா எடுக்கும்போது நாத்தனார் மறு பக்கம் காதை ஒட்டவைத்துக்கொண்டார். பதிப்பாசிரியர் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார். அந்த ஆள் எங்கிருந்து வந்தார் மேடம், ஒரு பழைய சொல்கூட இல்லை, ஆனால் அந்தக் கோட்டை வாசலிலேயே போய் நின்றுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது என்றார். பட்டியலில் போட்டாகிவிட்டது, மீதி ஆறு பேரையும் இப்படியே பேசவைத்துவிடுங்கள் என்றார். கோர்ட்டம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாத்தனார் சத்தம் போடாமல் தையல் அறைக்குப் போனார். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பச்சைச் சட்டைக்கு இன்னும் கை வைக்கவேண்டியிருந்தது.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம்" என்றார் பதிப்பாசிரியர். "கடைசியில ஒரு வரி இருக்கு. 'வாசித்துக் காட்டினேன். அழுதுகொண்டே சரி என்று சொன்னது சாட்சி. இப்படிக்கு, எழுதியவன்.' இந்த எழுதியவன் யாரு? அத்தியாயத்துல வேற எங்கயும் காணோம். எடுத்துடலாம்னு பாத்தேன், மனசு வரல."

அந்த வரியை அவள் சொல்லவே இல்லை. எட்டிப் பார்த்தாள். வாசலில் அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். கோர்ட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"அது அரண்மனையில எழுதறவன்" என்றாள். "மெதுவாத்தான் எழுதுவான். ஆனா சொன்னதச் சொன்னபடி எழுதுவான். எடுக்காதீங்க. ஏழு பேர் சாட்சியையும் அவன்தான் எழுதப்போறான்."

போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். நாவலை எடுத்துக்கொண்டார்கள், விழா உண்டு என்றாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நல்லது என்றார். பிறகு, மூன்று நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அந்தக் காவக்காரன யாராவது மாத்தி விட்டாங்களா இல்லையா?"

இன்னும் இல்லைங்க என்றாள். அவர் எழுந்து, எண்ணெய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். கோர்ட்டம்மா நூல்கண்டை எடுத்துக்கொண்டு முக்காலிமேல் ஏறினாள். இந்த முறை கேள்வி கேட்க யாரும் தேவைப்படவில்லை.

"எழுதினவன் ஓலையச் சுருட்டி வெச்சான்" என்றாள். "எழுந்து வாசலுக்குப் போனான். காவக்காரன் கையிலருந்து ஈட்டிய வாங்கிக்கிட்டான். நீ போய்ச் சாப்பிடு, நான் நிக்கறேன்னான்."

அவர் எழுத்தைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாக அழுத்தினார்.